எல்லைப்புறப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி ஆசிரியர்: களப் பயிற்சியும் பதிவுரிமையும்

மூணாறு மலைத்தோட்டத்தின் லயம் ஒன்றில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வாழ்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டிலும் அயலிலும் அவன் பேசுவது தமிழ். மூன்றாம் வகுப்பில் அவன் கற்பது மலையாளத்தின் வழியாக. பாடநூலை அவன் தட்டுத்தடுமாறிப் படிக்கிறான். எழுத்துகளை மாற்றி எழுதுகிறான். ஆசிரியர் கூறுவதைப் பாதி புரிந்துகொண்டு பாதியை விட்டுவிடுகிறான். இச்சிறுவனுக்குக் கற்றல் குறைபாடு உள்ளதா? செவித்திறன் குறைவா? அல்லது பள்ளியின் மொழி அவனுக்கு இன்னும் வசப்படவில்லை என்பது மட்டுமே காரணமா?

இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடை அவனது வருங்காலத்தையே நிர்ணயிக்கக் கூடும். குறைபாடு இல்லாத பிள்ளைக்குக் குறைபாடு உண்டென்று எழுதிவிட்டால், அந்த முத்திரை நெடுங்காலம் அவனை விட்டு நீங்காது. மாறாக, "தமிழ்ப் பிள்ளை, மொழி தெரியவில்லை, போகப் போகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிட்டால், உண்மையிலேயே காது மந்தமான பிள்ளையின் மிக முக்கியமான கற்றல் ஆண்டுகள் வீணாகிவிடும். இரண்டு பிழைகளும் நேராமல் காப்பது சிறப்புக் கல்வி ஆசிரியரின் பொறுப்பு. அந்த ஆசிரியர் எத்தகைய களப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பவை ஏட்டளவிலான வினாக்கள் அல்ல. மேற்கூறிய சிறுவனின் வாழ்வோடு பிணைந்தவை.

இருமொழி நிலப்பகுதி

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்காட்டுப் பகுதியும், திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தில் அமைந்தன. இடுக்கி மாவட்டம் 1972ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் தோன்றியது. பாலக்காட்டில் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற ஊர்களிலும், இடுக்கியில் மூணாறு, மறையூர், காந்தலூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு, உடும்பஞ்சோலை முதலிய பகுதிகளிலும் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். இவர்களுடன் அட்டப்பாடியின் இருளர், முதுகர், குறும்பர் ஆகியோரும், இடுக்கி மலைகளின் முதுவரும் தத்தம் பேச்சு வழக்குகளோடு வாழ்கின்றனர். முதுவர் வாழும் இடமலைக்குடி, 2010ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பட்டது.

நில அமைப்பும் இங்குக் கருதத்தக்கது. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அங்குச் செல்லும் சாலை தமிழ்நாட்டின் பொள்ளாச்சிப் பகுதி வழியாகவே செல்கிறது. மருத்துவத்திற்கும் உயர்கல்விக்கும் எல்லை கடப்பது இம்மக்களின் அன்றாட வழக்கம். வாளையாறு, கோபாலபுரம், குமுளி, போடிமெட்டு ஆகிய சோதனைச் சாவடிகள் ஆட்சி எல்லையைக் காட்டுகின்றன. மக்களின் வாழ்க்கை அவ்வெல்லையோடு நின்றுவிடுவதில்லை.

அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்வி பெறப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று கூறுகிறது. இப்பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்கி வருகின்றன. எனினும் தமிழ்க் குழந்தைகளில் பலர் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ பயில்கின்றனர். எனவே சிறப்புக் கல்வி ஆசிரியர் எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் இரண்டு அல்லது மூன்று மொழிகளை எதிர்கொள்ள வேண்டியவராகிறார்.

ஒருங்கிணைந்த கல்வி வளர்ந்த வரலாறு

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்த்துக் கற்பிக்கும் முயற்சிக்கு மைய அரசு 1974ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வகுத்தது. முதலில் சமூகநலத் துறையின் பொறுப்பில் இருந்த இத்திட்டம் 1982இல் கல்வித் துறைக்கு மாற்றப்பட்டது. பின்னர் வந்த அனைவருக்கும் கல்வித் திட்டம், 2018 முதல் நடைபெறும் சமக்ர சிக்ஷா ஆகியவை இப்பணியை விரிவாக்கின. கேரளத்தில் சமக்ர சிக்ஷாவின் வட்டார வள மையங்களைச் சார்ந்த சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் தம் வட்டாரத்துப் பள்ளிகளுக்குச் சென்று பணியாற்றுகின்றனர். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்கு அவர்தம் இல்லங்களிலேயே கற்பிக்கின்றனர்.

இதற்கு இணையாக, குடும்பஸ்ரீ இயக்கமும் உள்ளாட்சி அமைப்புகளும் சேர்ந்து அறிவுத்திறன் குறைபாடுடைய குழந்தைகளுக்கென 'பட்ஸ்' பள்ளிகளை நடத்துகின்றன. இவற்றுள் முதலாவது 2004ஆம் ஆண்டு திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூர் ஊராட்சியில் தொடங்கப்பட்டது. தோட்டப் பகுதியில் வேறொரு முயற்சியும் குறிப்பிடத்தக்கது. மூணாறில் தேயிலைத் தொழிலாளரின் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காக 'சிருஷ்டி' என்னும் நல அமைப்பு, 'டேர்' என்னும் சிறப்புப் பள்ளியையும், காகிதம் செய்யும் 'அதுல்யா', இயற்கைச் சாயமிடும் 'ஆரண்யா' போன்ற தொழிற்கூடங்களையும் உருவாக்கியது. கல்வியிலிருந்து தொழிலுக்குச் செல்லும் பாதையை ஒரே ஊரில் காண விரும்பும் பயிற்சி மாணவருக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

பதிவுரிமையின் சட்ட அடிப்படை

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பதிவு இன்றியமையாதது என்பதை யாவரும் அறிவர். சிறப்புக் கல்வி ஆசிரியருக்கும் அத்தகைய பதிவு தேவை என்பதைப் பலர் அறிவதில்லை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் 1986இல் பதிவு பெற்ற சங்கமாகத் தொடங்கப்பட்டது. 1992ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, 1993இல் அது சட்டபூர்வமான அமைப்பாயிற்று. மறுவாழ்வுத் துறைப் படிப்புகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுப்பதும், நிறுவனங்களின் தகுதியை ஏற்பதும், தகுதி பெற்றோரின் பெயர்களை மையப் பதிவேட்டில் சேர்ப்பதும் அதன் பணிகளாகும்.

இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு கவனத்திற்குரியது. பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் மறுவாழ்வுத் துறைப் பணியாளராகத் தொழில் நடத்துவதை அது தடை செய்கிறது. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அபராதத் தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் பயிற்சியற்ற ஒருவர் ஒரு குழந்தையின் திறனை அளந்து முத்திரை குத்துவது குற்றம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டதே இதன் சிறப்பு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிய வேண்டும் என்றும், பிரெயில், சைகை மொழி அறிந்தோரும் அறிவுத்திறன் குறைபாடுடைய குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றோருமான ஆசிரியர்களை அமர்த்த வேண்டும் என்றும் அது பணிக்கிறது. இத்தகைய ஆசிரியர் எத்தனை பேர் தேவை என்ற வினாவுக்கு உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் வழிகாட்டியது. அதைத் தொடர்ந்து, தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், உயர் தொடக்க வகுப்புகளில் 15 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தை மைய அரசு 2022இல் அறிவித்தது. அவ்விகிதப்படி பணியிடங்களை அறிவிக்குமாறு 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

தகுதி பெறும் படிகள்

சிறப்புக் கல்வி ஆசிரியராக விரும்பும் மாணவர் கடக்க வேண்டிய படிகளை முறைப்படி அறிந்துகொள்வது நலம்.

முதற்படி, படிப்பைத் தேர்ந்தெடுத்தல். மேல்நிலைக் கல்வி முடித்தோர் சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பிலும், பட்டம் பெற்றோர் சிறப்புக் கல்வியில் கல்வியியல் இளநிலைப் படிப்பிலும் சேர்வது வழக்கமான முறை. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, தன்முனைப்புக் குறைபாடு என்று பிரிவுகள் தனித்தனியே உள்ளன. ஒரு பிரிவில் பெறும் பயிற்சி மற்றொரு பிரிவுக்கு முழுமையாக ஈடாகாது.

இரண்டாம் படி, நிறுவனத்தின் ஏற்பைச் சரிபார்த்தல். பல்கலைக்கழகத்தின் ஏற்பு மட்டும் போதாது. அந்தப் படிப்புக்கும் அந்தப் பிரிவுக்கும் அந்த ஆண்டுக்கும் மறுவாழ்வுக் கவுன்சிலின் ஏற்பு இருத்தல் வேண்டும். இதனைச் சேர்வதற்கு முன்பே அறியாவிடில், பட்டம் கையில் இருந்தும் பதிவு கிடைக்காத நிலை ஏற்படும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் பாடத்திட்டமும் மறுவாழ்வுக் கவுன்சிலின் பாடத்திட்டமும் நெருங்கி இணைய வேண்டும் என்று கூறியுள்ளது. அதன் விளைவாகப் படிப்புகளின் அமைப்பு மாறி வருவதால், அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாம் படி, களப் பயிற்சி. இது பின்னர் விரிவாகக் கூறப்படும்.

நான்காம் படி, மையப் பதிவேட்டில் பெயர் சேர்த்தல். இப்பதிவு இந்தியா முழுவதற்கும் செல்லும். கொழிஞ்சாம்பாறை மாணவி கோயம்புத்தூரில், அவினாசிலிங்கம் நிறுவனத்திலோ இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனத்தின் மாற்றுத்திறன் மேலாண்மைப் புலத்திலோ பயின்று பதிவு பெற்றால், அப்பதிவு கேரளத்திலும் செல்லுபடியாகும். எல்லைப்புற மாணவர்களுக்கு இது பெரியதொரு வாய்ப்பாகும்.

ஐந்தாம் படி, மாநிலத்தின் பணி விதிகள். பதிவுரிமை வேறு, அரசுப் பணிக்கான தகுதி வேறு. பணி அறிவிப்பு ஆசிரியர் தகுதித் தேர்வைக் கோருமாயின் அதிலும் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். பிற மாநிலப் பட்டங்களுக்கு இணைத்தகுதிச் சான்றும் கோரப்படலாம். தமிழ்வழியில் பயின்றோர் தயங்க வேண்டியதில்லை. கேரளத்தின் தகுதித் தேர்வில் மொழிப் பகுதிக்குத் தமிழையும் தேர்ந்தெடுக்க இடம் உண்டு.

இறுதிப் படி, புதுப்பித்தல். பதிவு ஒருமுறை பெற்றால் வாழ்நாள் முழுவதும் நிலைப்பதன்று. குறித்த கால இடைவெளியில், தொடர் மறுவாழ்வுக் கல்விப் பயிலரங்குகளில் பங்கேற்றதைக் காட்டி அதனைப் புதுப்பிக்க வேண்டும்.

களப் பயிற்சி: மூன்று வகை இடங்கள்

2015ஆம் ஆண்டில் படிப்பு ஈராண்டாக்கப்பட்டபோது மறுவாழ்வுக் கவுன்சில் வகுத்த பாடத்திட்டம் பள்ளிப் பயிற்சியை மூன்று இடங்களில் அமைத்தது. தாம் தேர்ந்த பிரிவுக்குரிய சிறப்புப் பள்ளி முதலாவது. வேறு குறைபாட்டுக்குரிய சிறப்புப் பள்ளி இரண்டாவது. எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து பயிலும் பொதுப் பள்ளி மூன்றாவது. இவ்வமைப்பின் பொருள் தெளிவானது. சிறப்புப் பள்ளியில் ஒரு குறைபாட்டின் ஆழத்தைக் கற்கலாம். பிற சிறப்புப் பள்ளியில் தம் அறிவின் எல்லையை உணரலாம். பொதுப் பள்ளியிலோ, நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பிள்ளைக்கு இடம் அமைத்துக் கொடுக்கும் கலையைக் கற்கலாம்.

எல்லைப்புறத்தில் இம்மூன்றோடு நான்காவதொரு களமும் உண்டு. அது குழந்தையின் இல்லம். கொழுந்து பறிக்கும் தாய் காலையில் சென்றால் மாலையில்தான் திரும்புகிறாள். பிள்ளையை அருகிருந்து கவனிப்பவர் பாட்டியாகவோ, அக்காளாகவோ, தோட்டத்துக் குழந்தைக் காப்பகப் பணியாளராகவோ இருப்பார். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் உள்ள தோட்டங்களில் காப்பகம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வழியில் வளர்ந்த காப்பகங்களே பல பிள்ளைகளின் முதற்பள்ளி. பிள்ளை எப்போது நடந்தது, எப்போது பேசியது, அழைத்தால் திரும்புகிறதா என்பவற்றைக் கூறக்கூடியவர் அங்குள்ளவரே. அவரிடம் அவரது மொழியில் கேட்டறியும் திறன் பயிற்சி மாணவருக்கு வேண்டும்.

மொழியால் நேரும் மயக்கம்

தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகள். அந்த நெருக்கமே சில வேளைகளில் மயக்கத்தை விளைவிக்கிறது. மலையாளத்தில் 'களி' என்பது விளையாட்டு. இப்பகுதித் தமிழ் வீடுகளில் களி என்பது உணவு. மலையாளத்தில் 'வெள்ளம்' என்பது குடிக்கும் நீர். தமிழில் அது பெருக்கெடுத்து ஓடுவது. அறிவுத்திறனை அளக்கும் வாய்மொழிச் சோதனையில் இத்தகைய சொற்கள் வருமாயின், பிள்ளையின் தவறான விடை அவனது அறிவைக் காட்டாது. சோதனையின் குறையையே காட்டும்.

எழுத்திலும் இவ்வாறே. மலையாள நெடுங்கணக்கில் ஒவ்வொரு வர்க்கத்திலும் ஐந்து எழுத்துகள் உள்ளன. தமிழில் வல்லினம் ஒன்றும் மெல்லினம் ஒன்றும் மட்டுமே. தமிழெழுத்தை முதலில் கற்ற பிள்ளை மலையாளத்தின் நான்கு ககரங்களையும் ஒன்றோடொன்று மயங்கி எழுதுவது இயல்பு. அது கற்றல் குறைபாட்டின் அடையாளமாகத் தோன்றினும், அடையாளமன்று.

அவ்வாறாயின் உண்மைக் குறைபாட்டை எவ்வாறு பிரித்தறிவது? பயிற்சி மாணவர் பின்பற்றத்தக்க வரிசை ஒன்றுண்டு. முதலில் செவித்திறனையும் பார்வையையும் சோதிக்கச் செய்தல் வேண்டும். இவ்விரண்டும் சரியென்று அறியாமல் அடுத்த படிக்குச் செல்லலாகாது. இரண்டாவதாக, வீட்டு மொழியில் பிள்ளையின் பேச்சு வளர்ச்சியைக் கேட்டறிய வேண்டும். தாய்மொழியில் சரளமாகக் கதை சொல்லும் பிள்ளையைப் பள்ளி மொழியின் தடுமாற்றத்தைக் கொண்டு மட்டும் எடைபோடலாகாது. மூன்றாவதாக, தமிழில் எழுதப் படிக்கக் கற்பிக்கப்படாத பிள்ளையாயின், தமிழ் ஒலிகளைக் கொண்டு வாய்மொழியாகவே ஆராய வேண்டும்: சொல்லை அசைகளாகப் பிரித்தல், முதலொலி ஒத்த சொற்களைக் கூறுதல், படங்களை விரைந்து பெயரிடுதல் ஆகியவை. நான்காவதாக, சில வாரங்கள் முறையாகக் கற்பித்து முன்னேற்றத்தைக் குறிக்க வேண்டும். தடை இரு மொழிகளிலும் காணப்பட்டு, நற்பயிற்சிக்குப் பின்னும் நீடிக்குமாயின் குறைபாட்டை ஐயுறலாம். ஒரு மொழியில் மட்டும் காணப்பட்டுப் பயிற்சியால் குறையுமாயின், அது பெரும்பாலும் மொழிச் சிக்கலே.

மைய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் பள்ளி ஆசிரியர்கள் கற்றல் குறைபாட்டுக்கான முதற்கட்டச் சலிப்பாய்வை நடத்த வேண்டும் என்று கூறின. சான்று வழங்குவது ஆசிரியரின் பணியன்று. அது உரிய மருத்துவ அமைப்பின் பணி. ஆனால் அவ்வமைப்பின் முன் வைக்கப்படும் பள்ளிக் குறிப்பு ஆசிரியரால் எழுதப்படுவது. அதில் 'வீட்டு மொழி தமிழ். பள்ளி மொழி மலையாளம்' என்ற ஒரு வரி இல்லாவிடில், பின்வரும் எல்லா முடிவுகளும் பிழைபடக் கூடும்.

மொழி நெருக்கம் சில இடங்களில் உதவவும் செய்கிறது. 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில், இந்திய மொழிகளின் ஒத்த ஒலிகளுக்கு ஒரே புள்ளியமைப்பு உள்ளது. மலையாள பிரெயில் கற்ற ஆசிரியர் சிறிது முயன்றால் தமிழ்ப் பிள்ளைக்கும் பிரெயில் கற்பிக்க இயலும். எல்லை கடந்து குடிபெயரும் குடும்பங்களுக்கு இது நன்மையே. மாற்றுத்திறன் சான்றும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடு முழுவதும் செல்லுபடியாகும். எனவே வண்டிப்பெரியாற்றிலிருந்து கம்பத்திற்குக் குடும்பம் மாறினாலும் பிள்ளையின் சான்று பயனற்றுப் போவதில்லை. ஆனால் அவனுக்கெனத் தனியே வகுக்கப்பட்ட கல்வித் திட்டமும் உடன் செல்ல வேண்டும். அதனைப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்புவது ஆசிரியரின் கடமை.

அலுவலர் கருதத்தக்கவை

சட்டமும் பாடத்திட்டமும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. அவற்றை இப்பகுதியின் தேவைக்கேற்பச் செயற்படுத்துவது மாவட்ட, வட்டார அலுவலர்களின் கையில் உள்ளது. புதிய சட்டம் எதுவுமின்றியே சில செயல்களை மேற்கொள்ளலாம். பயிற்சி மாணவர்களைப் பள்ளிகளுக்கு ஒதுக்கும்போது, தமிழறிந்த மாணவர்களைத் தோட்டப் பள்ளிகளுக்கும் சித்தூர் வட்டத்துப் பள்ளிகளுக்கும் ஒதுக்கலாம். களப் பயிற்சிக் குறிப்பேட்டில் குழந்தையின் வீட்டு மொழியை எழுதக் கட்டாயமாக ஓரிடம் வகுக்கலாம். அட்டப்பாடியின் ஊர்களிலும் முதுவர் குடிகளிலும் அங்கன்வாடிப் பணியாளரையோ உள்ளூர் இளைஞரையோ மொழித் துணையாக அமர்த்தலாம். பெற்றோருக்குத் தரும் அறிக்கையை அவர்கள் படிக்கும் மொழியில் தரலாம்.

பணி நிலைமையும் கவனிக்கப்பட வேண்டும். ஓராசிரியர் பல பள்ளிகளுக்குச் செல்ல வேண்டியுள்ள மலைப்பகுதியில், பேருந்துக்குக் காத்திருப்பதிலேயே பாதி நாள் கழியக் கூடும். 1:10 என்ற விகிதத்தைக் கணக்கிடும்போது குழந்தைகளின் எண்ணிக்கையோடு பள்ளிகளுக்கு இடையிலுள்ள தொலைவும் சேர்த்து எண்ணப்படாவிடில், விகிதம் ஏட்டில் நிறைவேறினாலும் வகுப்பறையில் நிறைவேறாது. ஒப்பந்த முறையில் நெடுங்காலம் பணியாற்றுவோரின் தகுதியை ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025இல் கூறியதும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஆசிரியர் ஆண்டுதோறும் மாறினால், பிள்ளை ஆண்டுதோறும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முடிவுரை

பதிவுச் சான்று ஆசிரியருக்கு அளிக்கப்படும் உரிமை. அதைவிட, பிள்ளைக்கு அளிக்கப்படும் காப்புறுதி. களப் பயிற்சி அக்காப்புறுதிக்கு உயிரூட்டுகிறது. எழுத்தைத் தவறாகப் படிக்கும் எட்டு வயதுச் சிறுவனின் அருகில் ஓர் ஆசிரியர் அமர்ந்து, முதலில் அவன் காதைச் சோதிக்கச் செய்து, பின்னர் அவன் மொழியில் அவனோடு பேசி, அதன் பின்னரே தம் குறிப்பை எழுதுவாராயின், சட்டம் எதற்காக இயற்றப்பட்டதோ அந்நோக்கம் அந்த லயத்து வாசலில் நிறைவேறியதாகும்.